நத்தையும் நாரையும் பேசிக்கொள்ளும் மேசை

யல்மரி இரண்டு கிலோ கல்லுப்பு வாங்கியிருக்கிறானாம்.

சொன்னவள் தெர்ஹி. அவளுக்குச் சொன்னது யல்மரியின் மனைவி. அதுவும் நீச்சல்குளத்தின் நீராவி அறையான சவுனாவில், மேல்படி அனலில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக விழுந்த சொல். கேட்டதும் தெர்ஹிக்கு அங்கே வேர்த்தது போதாமல் இன்னொரு தரம் வேர்த்துவிட்டதாம். தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் ஹெர்வந்தா டிராமின் கடைசி நிறுத்தத்துக்கு ஓடிவந்துவிட்டாள். அங்கேதான் ஹில்காவின் வண்டி வந்து நின்று, திரும்பிப் புறப்படுவதற்கு முன் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

ஹில்கா ஓட்டுநர் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மீன் ஊறப்போடவான்னு கேட்டேன்டி. 'மீனா? இந்த வாரம் வீட்டுல மீனே கிடையாது. சனிக்கிழமை ஆட்டத்துக்காம். அடுப்படிப் பக்கமே கொண்டுவரலை, பெட்டியில வச்சுப் பூட்டிட்டான்'ங்கிறா."

"பூட்டினா பூட்டட்டும்."

"ஏய், விளையாடாதே. உப்பு யாருக்கு ஆகாது? ஆட்டத்துல நான் விட்டில், எனக்கு விளக்குதான் எமன். உன் தம்பி நாரை, உப்புப் போட்டுக் கொடுத்தா ருசிச்சுத் தின்பான். மேசையில மிச்சம் யாரு இருக்கா?"

வாய் வரைக்கும் கொண்டுபோன கோப்பையை ஹில்கா அப்படியே இறக்கினாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ," என்றாள் தெர்ஹி. "போன வாரம் நீ கிளம்பினப்புறம் உன் தம்பி சம்ப்ஸா என்கிட்ட சொன்னான். 'நத்தை செத்தாலும் சரி, நாரை செத்தாலும் சரி, அன்னைக்கே மேசையை விட்டு எழுந்துடுவேன். இன்னொரு வேஷம் எடுத்துப் பழகற வயசெல்லாம் போயிடுச்சு'ன்னான்."

"தலையில கை வச்சுச் சொன்னானா?"

"ஒரு கை என்ன, ரெண்டு கையையும் வச்சுச் சொன்னான்."

புறப்படும் நேரம் வந்துவிட்டது. ஹில்கா கதவைச் சாத்தி வண்டியை எடுத்தாள். அடுத்த நிறுத்தத்தில் பிரேக் கொஞ்சம் முரட்டுத்தனமாக விழுந்தது. முன் இருக்கையில் இருந்த கிழவர், "அம்மா, நாங்க உருளைக்கிழங்கு மூட்டை இல்லை," என்றார். இந்த ஊரில் டிராமுக்குள் ஒருவர் வாய் திறப்பதே அபூர்வம். அவரே பேசிவிட்டார் என்றால் குலுக்கல் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஹில்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. முன்பு பஸ் ஓட்டினாள், தண்டவாளம் வந்ததும் டிராமுக்கு மாறினாள். வாரம் முழுக்க அவள் பிழைப்பு நொடிக்கணக்கில் ஓடுகிறது. ஒரு நிறுத்தத்தில் அரை நிமிடம் தாமதித்தால், கண்ணெதிரே இருக்கும் திரையில் சிவப்பாக அது வந்து நிற்கும். சனிக்கிழமை பிற்பகல் மட்டும் அவளை யாரும் அவசரப்படுத்த முடியாது. அன்றைக்கு அவள் நத்தை.

ஆட்டம் ஒன்றும் பெரிய மாயமில்லை. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் இதைச் செய்யறேன், அதைச் செய்யறேன்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே வாயால் நடத்திக்கொண்டு போவார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பள்ளிக்கூட நூலகத்தில் அக்காவும் தம்பியுமாக முதல்முறை இதை ஆட உட்கார்ந்தபோது, மற்றப் பிள்ளைகள் வில் ஏந்திய காட்டு தேவர்களையும் கோடாலிக் குள்ளர்களையும் முண்டியடித்துக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். விதிப் புத்தகத்தில் விலங்கு மனிதர்களும் இருந்தார்கள். ஓநாய், பூனை, பல்லி. எல்லாமே பாய்கிற ஜாதி. ஹில்கா புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "பாயாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். இல்லை. "அப்போ நத்தை," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளைவிட இரண்டு வயது இளையவனான சம்ப்ஸா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நத்தையைத் தின்கிறது எதுவோ, அது நான்," என்றான்.

இப்படித்தான் நுப்பு என்ற நத்தைப் பெண்ணும் ஹார்மா என்ற நாரையும் பிறந்தார்கள். புத்தகத்தில் இல்லாத குலங்கள் என்பதால் விதிகளை இவர்களே ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. நத்தை செங்குத்துச் சுவரில் ஏறும். ஆள் நுழையாத சந்தில் நுழையும். ஓட்டுக்குள் சுருண்டுகொண்டால் வாள் இறங்காது. பிறகு யல்மரி கதை நடத்த வந்த காலத்தில், உப்பைப் பற்றிய விதியைச் சேர்க்கச் சொன்னவளே ஹில்காதான். உப்பில் உடம்பு பட்டால் பகடை கிடையாது, மறுவாய்ப்பு கிடையாது, சாவு. "இவ்வளவு கடுமை வேணுமா?" என்று யல்மரியே தயங்கினான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், மயிரிழை பிசகினாலும் பொறுக்காதவன், அவனே தயங்கினான். "உப்புக்குச் சாகாத நத்தை என்ன நத்தை?" என்றாள் அவள்.

இப்போது அந்தச் சொல் தன் பக்கமே திரும்பும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

நத்தைக்காக அவள் பயப்படவில்லை. நத்தை போனால் தம்பியும் போவான். பயம் அதற்குத்தான்.

நான்கு வருடத்துக்கு முன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஹில்கா பக்கத்தில் இருந்தாள். சம்ப்ஸா அட்டை ஆலையில் காலை ஷிஃப்டில் இருந்தான். "இன்னைக்கோ நாளைக்கோ" என்றுதான் நர்ஸ் சொன்னாள். கையில் போனை எடுத்த ஹில்கா, ஷிஃப்ட் முடியட்டுமே, எதற்கு மிஷின் பக்கத்தில் நிற்பவனைப் பதற வைப்பது என்று பையில் போட்டுக்கொண்டாள். அப்பா ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவோடு சம்ப்ஸா வந்து சேர்ந்தபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்," என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அக்காவோடு பேசவில்லை. இறுதிச் சடங்கின்போது ஒரே கெட்டிலிலிருந்து இருவரும் காபி ஊற்றிக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை, அவன் வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டே ஹில்கா ஆட்டத்துக்குப் போனாள். அவன் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தான். யல்மரி மேசையில் பச்சைத் துணியை விரித்தான். அந்தத் துணி விரிந்துவிட்டால் அங்கே பேசுவதெல்லாம் வேடத்தின் பேச்சு. மேசையில் சொன்னது கதையில் நடந்தது. யாராவது தானாகப் பேச வேண்டும் என்றால், அது ஜன்னலைச் சாத்தச் சொல்வதாகவே இருந்தாலும், உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேச வேண்டும். அன்றைக்குச் சம்ப்ஸாவின் இரண்டு கைகளும் மேசை மேலேயே இருந்தன.

"இன்னைக்கு உன்னைத் தின்னாம விடறதுக்கு ஒரு காரணம் சொல்லு, நுப்பு," என்றது நாரை. சிறுவயதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் ஹார்மா இப்படித்தான் தொடங்கும்.

"இந்த வாரம் நான் நிறைய அழுதேன். உப்புக் கரிக்கும்," என்றது நத்தை.

அன்றிலிருந்து அவர்கள் உறவு அந்தக் காரணங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஓட்டுல ஒரு கட்டி மாதிரி இருந்துச்சு, வைத்தியர்கிட்ட காட்டினேன், பயமில்லையாம்" என்று நத்தை சொல்லித்தான் அக்காவின் மார்பில் கட்டி வந்து போனது தம்பிக்குத் தெரியும். "நான் மீன் பிடிக்கிற குளம் வத்திப்போச்சு" என்று நாரை சொல்லித்தான் ஆலையில் ஆள் குறைத்தது அக்காவுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்து துணியை மடித்ததும் இருவரும் தெருவுக்குப் போகும் படியில் முன்னும் பின்னுமாக, முன்பின் தெரியாதவர்கள்போல் ஏறிப் போவார்கள். நான்கு வருடத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் தலையில் கை வைத்ததே இல்லை.

இருவரையும் கட்டிவைத்திருந்த அந்த ஒரே கயிற்றின் மேல்தான் இப்போது இரண்டு கிலோ உப்பு.

சனிக்கிழமை வந்தது. யல்மரி குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில், குடியிருப்பவர்களின் பொது அறைதான் ஆடும் இடம். ஒரு பக்கம் குழந்தை வண்டிகள் அடைத்து வைத்த அறை, இன்னொரு பக்கம் கட்டடத்துச் சவுனா. நவம்பர் மாதம், மூன்று மணிக்கே வெளியே வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. வாசலில் ஷூவைக் கழற்றும்போதே ஹில்கா பார்த்துவிட்டாள். சம்ப்ஸாவின் பெரிய பூட்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தது.

மேசையில் பச்சைத் துணி. துணியின் மேல் அடுப்புத் தட்டு. தட்டு நிறைய உப்பு, விளக்கில் மினுமினுத்தது. நடுவே அட்டையால் செய்த மலை.

"பூட்டினா பூட்டட்டும்னு சொன்னியே, பாரு," என்று தெர்ஹி தலையில் கை வைத்துக்கொண்டு ஹில்காவின் காதில் சொன்னாள்.

"அதுக்கு நான் என்னடி பண்ண? நீயே சொல்லு."

"கையை வை, கையை வை!" என்று தன் தலையைத் தட்டிக் காட்டினான் யல்மரி. "இல்லைன்னா நத்தை விட்டிலோட சண்டை போடுதுன்னு கணக்கு வச்சுக்குவேன்."

ஹில்கா சட்டைப்பையிலிருந்து நுப்புவின் காயை எடுத்தாள். தோட்டத்தில் கிடைத்த நிஜமான நத்தை ஓடு. சம்ப்ஸாவின் காய் ஒரு தக்கையில் செருகிய சாம்பல் இறகு. இரண்டும் தட்டின் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஏலக்காய் மணக்கும் பன்னை யாரும் தொடவில்லை.

"இன்னைக்கு உன்னைத் தின்னாம விடறதுக்கு ஒரு காரணம் சொல்லு, நுப்பு."

வாரம் முழுக்க அவள் வேறொரு காரணம் யோசித்து வைத்திருந்தாள். "இன்னைக்கு எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "பயந்த நத்தை கசக்கும்."

சம்ப்ஸா நிமிர்ந்து பார்த்தான். "நாரைக்குக் கசப்பு பழக்கம்தான்," என்றான்.

யல்மரி கதையை எடுத்தான். சதுப்பு நிலம் வற்றிக்கொண்டிருக்கிறது. மலைக்குள் இருக்கும் ஒரு சக்கரத்தைத் திருப்பினால்தான் ஆறு திறக்கும், இல்லையென்றால் இந்த மூவரின் குலங்களும் அடுத்த கோடையைப் பார்க்காது. சக்கரத்துக்குப் போகும் சந்து நாரையின் கால் நுழையாத அளவு குறுகல். விட்டில் நுழையும், சக்கரத்தைத் தள்ளப் பலம் போதாது. நத்தை நுழையும், தள்ளவும் முடியும். ஆனால் சந்தின் தரை முழுக்க உப்பு. போதாக்குறைக்கு மலையின் காவலுக்குச் செவியன் என்ற பிராணி இருக்கிறது. கண்ணில்லாதது, காதாலேயே வேட்டையாடுவது. ஒரு தும்மல் போதும்.

மூவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். குசுகுசுவென்றுதான் பேச முடியும், உரக்கப் பேசினால் அதுவும் நடந்ததாகிவிடும்.

"என் இறக்கையில இருந்து இறகைப் பிடுங்கறேன்," என்றது நாரை. "சந்துக்குள்ள பாய் மாதிரி விரிச்சா நுப்பு அது மேல ஊர்ந்து போகலாம்."

"லூசு, அப்புறம் எப்படிப் பறப்பே?" என்றது விட்டில்.

"நடந்துக்குவேன். கால் நீளம்."

இறகுகளை விரித்தாயிற்று. விட்டில் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தது. பிறகு நுப்புவின் காயை ஹில்கா இரண்டு விரலால் எடுத்துச் சந்தின் வாயில் வைத்தாள். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு பகடை. பகடை சத்தமில்லாமல் உருளட்டும் என்று யல்மரி ஒரு கையுறையைக் கீழே விரித்திருந்தான். பன்னிரண்டு. பதினேழு. ஒன்பது, மயிரிழையில் தப்பித்தது. சந்தில் பாதி தாண்டி, முக்கால் தாண்டி, சக்கரத்தின் நிழல் தெரிகிற இடம்.

அப்போது யல்மரி ஒரு குச்சியை எடுத்து, பாதையின் கடைசி இறகை மெல்ல நகர்த்தினான்.

"உள்ளே ஒரு காற்று வீசுது. கடைசி இறகு நழுவிடுச்சு. நுப்பு கண்கொம்பைச் சுருட்டி வச்சுக்கிட்டு ஊர்ந்து வர்றா. அவளுக்கு அது தெரியாது." அவன் ஹில்காவைப் பார்த்தான். "நுப்பு என்ன செய்யறா?"

ஹில்காவுக்குத் தெரியும். இதோ, கண்முன்னால், ஒரு சாண் வெற்று உப்பு. ஆனால் நுப்புவுக்குத் தெரியாது. உட்கார்ந்திருப்பவள் கண்டதை வேடத்தின் கண்ணில் திணிப்பது இவர்கள் மத்தியில் திருட்டுக்குச் சமம். யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் அப்புறம் அந்த நத்தை நத்தையாக இருக்காது. நிற்கிறேன் என்று சொல்ல அவளுக்கு ஆசைதான்.

வெளிக்கதவைத் தட்டி, தோளில் துண்டோடு ஒரு கிழவர் தலையை நீட்டினார். "எங்க சவுனா முறை வரப்போகுது. அடுப்பைப் போட்டாச்சு. என்ன, நத்தை செத்துச்சா இல்லையா?"

யல்மரி தலையில் கை வைத்து, "இன்னும் தெரியலை, ஐயா. கதவைச் சாத்துங்க," என்றான்.

கதவு சாத்திக்கொண்டது. ஹில்கா உலர்ந்த உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"நுப்பு முன்னாடி..."

"ஹில்கா! வேணாம்! போகாதே!"

சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. சம்ப்ஸா பாதி எழுந்திருந்தான். நான்கு வருடமாக அவன் வாயில் வராத பெயர் அது. ஹில்கா தம்பியின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு, யல்மரியின் பார்வை போன இடத்தை.

"உன் கை எங்கே இருந்துச்சு, சம்ப்ஸா?" என்று தன் தலையில் கை வைத்துக் கேட்டான் யல்மரி.

காபிக் கோப்பையைச் சுற்றி இருந்தது. இரண்டு கையும். அக்காவிடம் தானாகப் பேசி நான்கு வருடமானவனுக்கு, அதற்குக் கையைத் தூக்க வேண்டும் என்பது கைக்கு மறந்துபோயிருந்தது.

தெர்ஹி தலையில் கையை அடித்து வைத்துக்கொண்டாள். "யல்மரி, இது அநியாயம். அவன் அவ பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டான்? நாரைக்கு எப்படி அந்தப் பேர் தெரியும்?"

"அது நாரையோட பாடு. மேசையில சொன்னது நடந்தது. மலைக்குள்ள ஒரு குரல் கேட்டுச்சு. நத்தை கேட்டு நின்னுட்டா. நல்லது." யல்மரி ஒரு கறுத்த கூழாங்கல்லை மலையின் பின்னாலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தான். அவன் குரலும் அவ்வளவு உறுதியாக இல்லை. "செவியனும் கேட்டுடுச்சு."

சம்ப்ஸா மெல்ல உட்கார்ந்தான்.

"இப்போ நீ அசையாம இருந்தா அதுக்கு நீ இருக்கிற இடம் தெரியாது," என்றான் யல்மரி. "ஆனா சந்துக்குள்ள நத்தை ஊர்ற சத்தம் அதுக்குக் கேட்கும். பறந்து போறதுன்னா இறகு இல்லை. என்ன செய்யறே?"

"செவியனைக் கூப்பிடறேன்."

"என்ன சொல்லி? வாயைத் திறந்து சொல்லணும்."

சம்ப்ஸா உப்பைப் பார்த்தபடியே பேசினான். "இங்கே! இங்கே இருக்கேன், வா!" என்றான். பிறகு, யாரும் கேட்காமலேயே, குரல் உடைந்து வந்தது. "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? ஆலை என்ன நின்னா போயிருக்கும்? மிஷினை அப்படியே போட்டுட்டு ஓடிவந்திருப்பேன். பஸ் இல்லைன்னா நடந்து வந்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னிருப்பேன், வேற என்ன கேட்டேன் நான்? ஒரு போன்!"

கைகள் கோப்பையை விட்டு அகலவில்லை. தெர்ஹி குனிந்துகொண்டாள். பக்கத்துச் சவுனாவில் யாரோ அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றும் சீறல் கேட்டது.

ஹில்காவின் வலது கை மடியிலிருந்து எழும்பியது. தோள் வரை வந்தது, காது வரை வந்தது. இன்னும் ஒரு சாண் உயர்த்தி உச்சியில் வைத்தால் போதும், அவள் ஹில்காவாகப் பதில் சொல்லலாம். என்ன பதில்? நர்ஸ் நாளைக்கு என்றும் சொன்னாள் என்றா? கை காதோரம் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு இறங்கிவிட்டது.

"நாரை ஏதோ கத்துது," என்றான் யல்மரி. "அந்த மலையில யாருக்கும் அது புரியலை. ஆனா செவியன் அது பக்கம் திரும்பிடுச்சு. பகடையைப் போடு. பதினொண்ணுக்கு மேல விழுந்தா தப்பிச்சே."

சம்ப்ஸா போட்டான். கையுறையின் மேல் அது உருண்டதே கேட்கவில்லை. நான்கு.

யல்மரி தக்கையிலிருந்து சாம்பல் இறகை உருவி உப்பின் மேல் படுக்க வைத்தான்.

வேடம் செத்தவர் அதன்பின் அந்த மேசையில் பேசக்கூடாது, அவரிடமும் யாரும் பேசக்கூடாது. எல்லோருடைய கோப்பையையும் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு, சொல்லாமல் கிளம்ப வேண்டும். மற்றவர்கள் செத்தபோதெல்லாம் இது பெரிய வேடிக்கையாக இருந்திருக்கிறது. சம்ப்ஸா நான்கு கோப்பைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். அக்காவின் கோப்பையை எடுக்கும்போது அதில் பாதிக் காபி இருந்தது. அதைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு போனான். மூலையில் குழாய் திறக்கும் சத்தம் வந்தது.

"நுப்பு என்ன செய்யறா?" என்றான் யல்மரி.

எழுந்து போகலாம். ஆனால் நடுவில் எழுந்தால் நுப்பு அங்கேயே நிற்பாள், செவியன் திரும்பி வரும், நாரை செத்தது வீணாகும். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டது.

"நுப்பு கண்கொம்பை நீட்டிப் பார்க்கிறா," என்றாள் ஹில்கா. வார்த்தைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. நத்தை இவ்வளவு வேகமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "தாண்டி வந்த இறகைப் பின்னாடி இருந்து வாயால எடுத்து முன்னாடி போடறா."

"பகடை."

பதினான்கு. இரண்டாவது கோப்பை.

"இன்னொண்ணு எடுத்துப் போடறா. மேல ஏறிட்டா."

"திரும்பி வர வழி இருக்காது."

"அது அப்புறம்."

பதினொன்று. மூன்றாவது கோப்பை, நான்காவது. தண்ணீர்ச் சத்தம் மெலிந்து, சொட்டாகி, நின்றது. துணியில் கை துடைக்கிற சத்தம்.

"சக்கரத்தைத் தள்ளறா!"

பகடை கையுறையைத் தாண்டி மேசையில் கடகடத்து நின்றது. பத்தொன்பது. யல்மரி தண்ணீர்க் கூஜாவை எடுத்துத் தட்டில் சாய்த்தான். உப்புத் தரை கரைந்து ஓடியது, மலை சரிந்தது, சாம்பல் இறகு மிதந்து எழுந்து நத்தை ஓட்டில் வந்து முட்டியது. தெர்ஹி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஹில்கா உச்சந்தலையில் கையை வைத்தாள். "நான் போறேன்," என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் அந்தப் பெரிய பூட்ஸ் இல்லை. அது நின்ற இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. தன் ஷூவில் காலைத் திணித்து, குதிகாலை மடக்கி மிதித்துக்கொண்டே அவள் படியேறினாள். வெளியே மழையுமில்லாத பனியுமில்லாத ஒன்று விழுந்துகொண்டிருந்தது. நிறுத்தத்தில் டிராம் நின்றிருந்தது. அதன் கதவு எத்தனை மூச்சில் மூடும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஓடினாலும் எட்டாது. கடைசி ஜன்னலோரம் அவன் உட்கார்ந்திருந்தான், பிடரி தெரிந்தது.

அவள் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் பையில் போட்ட நாளுக்குப் பிறகு அந்த எண்ணை அவள் தொட்டதில்லை. இன்னும் அதே எண்தானா என்றுகூடத் தெரியாது. அழுத்தினாள்.

மணி அடித்தது.

ஜன்னலுக்குள் பிடரி அசைந்தது. கை சட்டைப்பைக்குப் போனது. அவன் மடியில் சின்னதாக ஒரு வெளிச்சம் விழுந்ததை அவள் பார்த்தாள். அவன் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான், சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. கதவுகள் மூடின. வண்டி குலுங்காமல் நகர்ந்தது. யார் ஓட்டுகிறார்களோ, நல்ல கை.

இரண்டாவது மணி. மூன்றாவது மணி. டிராம் வளைவில் திரும்பியது, அந்த வெளிச்சம் அணையாமல் கூடவே போனது. ஹில்கா நடைமேடையின் விளிம்பில் நின்றாள், ஒரு கையில் போன் காதோடு, இன்னொரு உள்ளங்கை நனைந்த உச்சந்தலையில் இறுக வைத்தபடி. மணி அடித்துக்கொண்டிருந்தது.